வன்னியில ஈக்குவற்றோரியல் மவுண்ட் பூட்டப்போறியளோ, இதை ஒருக்கா வாசிச்சிட்டுப் பூட்டுங்கோ

ஈக்குவற்றோரியல் மவுண்டோட ஒரு ரெலஸ்கோப் வாங்கி ஊரில வச்சு வானம் பாக்கோணும் எண்டு யாருக்காவது எண்ணம் இருந்தா, காசு குடுக்க முதல் இதை வாசியுங்கோ. நான் வாங்கேக்க இதைச் சொல்ல ஒருத்தரும் இருக்கேல்ல. யூரியூப்பில கிடக்கிற வீடியோ முக்கால்வாசியும் ஐரோப்பாவிலயோ அமெரிக்காவிலயோ இருக்கிற ஆக்கள் எடுத்தது. அவைக்குத் துருவ நட்சத்திரம் நாப்பது அம்பது பாகை உயரத்தில நிக்கும், மவுண்டை நிமித்தி அதைக் குறிபாத்தாச் சரி, அஞ்சு நிமிச வேலை. எங்களுக்கு அது 9 பாகையில, பனங்கூடலுக்குப் பின்னால. இந்த வித்தியாசத்தாலயும் பிறகு சொல்லுற ஒரு கோணல் லேசராலயும் எனக்கு வீணாப் போனது 18,000 ரூபா, அதோட நல்லா வானம் வெளிச்ச ஒரு பருவம் முழுக்க.

நான் இருக்கிறது கிளிநொச்சியில இருந்து அக்கராயன் போற பக்கம். தெருவிளக்கு குறைவு, மாசி பங்குனியில முத்தத்தில நிண்டாலே பால்வீதி தெரியும். சித்திரை வைகாசியில தெற்கால தென்சிலுவை எழும்பும், ஒமேகா சென்டோரி கொத்து 30 பாகைக்கு மேல வரும், லண்டனில இருக்கிற எங்கட சொந்தக்காரர் எவ்வளவு பெரிய ரெலஸ்கோப் வாங்கினாலும் அங்க நிண்டு அதைப் பாக்கேலாது. 2022இல ரூபா விழுந்தாப்பிறகு புதுச்சாமான் வாங்கிற கதையே இல்லை எண்டு, கொழும்பில ஒருத்தர் பாவிச்சு விட்ட நியூட்டோனியன் ஒண்டை, அதாவது ரண்டு கண்ணாடியால வேலை செய்யிற ரெலஸ்கோப்பை, 150 மில்லிமீற்றர் கண்ணாடி, 750 மில்லிமீற்றர் குவியத்தூரம், ஆர்.ஏ. மோட்டரும் மவுண்டுமாச் சேத்து 135,000க்கு எடுத்தன். சாமான் நல்ல சாமான், அதில குறை சொல்லமாட்டன்.

இந்த மவுண்ட் தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமாச் சொல்லுறன். ரெலஸ்கோப்பைத் தாங்கிற தலைதான் மவுண்ட். அதில ஆர்.ஏ. எண்டு ஒரு அச்சு இருக்கு, அந்த அச்சைப் பூமி சுத்துற அச்சுக்குச் சமாந்தரமா வச்சிட்டா, மோட்டர் அந்த ஒரு அச்சை மட்டும் சுத்தச்சுத்த வெள்ளி (நட்சத்திரம்) ஐபீஸுக்குள்ளயே, அதாவது கண் வச்சுப் பாக்கிற வில்லைக்குள்ளயே, நிக்கும். அப்பிடி வைக்கிறதுக்கு அச்சு சரியா வடக்கைப் பாக்கோணும், உங்கட அகலக்கோடு எவ்வளவோ அவ்வளவு பாகை நிமிரோணும். கிளிநொச்சி 9 பாகை 23 கலை (60 கலை ஒரு பாகை), வவுனியாவுக்கு எட்டே முக்கால், முல்லைத்தீவு ஒன்பதே கால். அதாவது வன்னிக்குள்ள எங்க வச்சாலும் அச்சு கிட்டத்தட்டப் படுத்துத்தான் கிடக்கும்.

என்ர மவுண்ட் 18 பாகைக்குக் கீழ இறங்கேல்ல. முன்னுக்கு ஒரு போல்ட், பின்னுக்கு ஒரு போல்ட், ரண்டும் எதிரெதிரா நிண்டு தலையைத் தாங்கும், ஒண்டைத் தளத்தித்தான் மற்றதை இறுக்கோணும். பின் போல்டை முழுக்கத் தளத்தியும் இறங்காமல் நிண்டுது. வித்தவருக்கு எடுத்துக் கேட்டன், "தம்பி நல்லா இறுக்கிப் பாருங்கோ, எனக்கு வேலை செய்தது" எண்டார். கொழும்பு 7 பாகையில இருக்கு, அங்க அவர் எப்பிடிப் பாவிச்சவர் எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்ல, அச்சைப் பற்றி யோசிக்காமல் சும்மா சந்திரனைப் பாத்திருப்பார். பிறகு ரவுணில கமரா, மைக்கிரஸ்கோப் திருத்துற ஒரு இடத்தில குடுத்தன். அவை ஸ்பனர் போட்டு வலிச்சு முன் போல்டை வளைச்சுப்போட்டு, "உள்ளுக்குக் கிறீஸ் காஞ்சிட்டுது" எண்டு கழட்டிப் பூட்டி 8,500 எடுத்தினம். திரும்பி வரேக்க பத்தொன்பதில நிண்டுது! முதல் இருந்ததை விட ஒரு பாகை கூட. அதுக்குப் பிறகு தலையை மட்டும் கழட்டிக் கொழும்புக்கு அனுப்பினன், போக வரக் கூலி 3,000. அங்க போல்டை மாத்தி, "பழுது ஒண்டுமில்லை, இது இவ்வளவுதான் இறங்கும்" எண்டு ஒரு துண்டில எழுதித் திருப்பி அனுப்பியிருந்தினம். அந்தத் துண்டைப் பாக்க எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்லை, ஆனா அதுதான் சரியான பதில். கன மவுண்டுகள் 20 பாகைக்கு மேல இருக்கிற நாடுகளை நினைச்சுத்தான் செய்யிறது, விலைகூடின சில மவுண்டுகளுக்கே கடைசி எல்லை 10 பாகை. அதால வாங்க முதல் கேக்கவேண்டிய முதல் கேள்வி கண்ணாடி எத்தினை அங்குலம் எண்டதில்லை. இந்த மவுண்ட் ஆகக் குறைய எத்தினை பாகைக்கு இறங்கும் எண்டு கேளுங்கோ, தெரியாதெண்டா அந்த இடத்திலயே இறக்கிக் காட்டச் சொல்லுங்கோ.

இனி இதுக்கு வழி என்னெண்டா, மவுண்ட் இறங்காட்டி முக்காலியைச் சரிக்கிறதுதான். முக்காலி லெவலா இருக்கோணும் எண்டு எல்லா வீடியோவிலயும் சொல்லுவினம், அதைப் பிடிச்சுக்கொண்டுதான் நானும் நிண்டனான், ஆனா அச்சு சரியான பக்கம் பாத்தாப் போதும், முக்காலி சரிஞ்சிருந்தா வெள்ளிக்கு ஒண்டுமில்லை. என்ர கணக்கு இப்பிடி: மவுண்ட் 18இல நிக்குது, எனக்கு வேண்டியது 9, ஆக 9 பாகை வடக்குப் பக்கமாச் சரிக்கோணும். தெற்குக் காலில இருந்து வடக்குப் பக்கத்து ரண்டு கால்களுக்கும் இடையில கீறுற கோட்டுக்கு 80 சென்ரிமீற்றர், அதை 0.16ஆல பெருக்கினா ஏறக்குறைய 13 சென்ரிமீற்றர். ஒரு நாலு அங்குலச் சீமெந்துக் கல், அதுக்கு மேல ஒரு அங்குலப் பலகைத்துண்டு, அதுக்கு மேல தெற்குக் கால். மிச்சத்தைக் காலை நீட்டிக் குறைச்சுச் சரிப்பண்ணலாம். இதுக்கு ஆன செலவு பூச்சியம், கல் வீட்டுக் கோடியில கிடந்தது.

ஆனா இதில ஒரு பொறி இருக்கு. வழமையா வடக்கால ஒரு கால், தெற்கால ரண்டு கால் எண்டுதான் வைக்கிறது. எங்கட அகலக்கோட்டில அச்சு படுத்துக் கிடக்கிறதால ரியூபைச் சமன்படுத்திற எதிர்ப்பாரத்தின்ர கம்பி நேர கீழ தொங்கி, அந்த வடக்குக் காலில போய் முட்டும். பாத்துக்கொண்டிருக்கேக்க மோட்டர் சுத்தி பாரம் காலில இடிச்சு கியர் கறகற எண்டு சத்தம் போட, எனக்கு நெஞ்சு விறைச்சுப்போச்சு. அதுமட்டுமில்லை, வடக்கால சரிச்சிருக்கிறதால பாரம் முழுக்க அந்த ஒற்றைக்காலுக்கு மேல வரும், காத்தடிச்சா ஆள் விழுந்திடுவார். அதால முக்காலியைத் திருப்பி, ரண்டு கால் வடக்கால, ஒரு கால் தெற்கால. அப்ப எதிர்ப்பாரம் ரண்டு காலுக்கும் நடுவால போய் வரும், நிக்கிறதும் உறுதி. திருப்பிறதுக்கு ஒரு தடை, முக்காலித் தலையில இருக்கிற சின்ன முளை. மவுண்டை இடம்வலம் அசைக்கிற ரண்டு திருகும் அந்த முளையைத்தான் ரண்டு பக்கத்தாலயும் பிடிக்கும், அது ஒரு காலுக்கு நேர இருக்கிறதால திருப்பினா முளை பிழையான பக்கம் போயிடும். சில மவுண்டில அதைக் கழட்டி மற்றப் பக்கம் பூட்டலாம், என்னட்டை இருக்கிறதில ஏலாது. லேத் வேலை செய்யிற ஒரு அண்ணையிட்டக் கொண்டுபோனன். தலையைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார், "தம்பி, உதென்ன மெசின், தண்ணிப் பம்புக்குப் பூட்டுறதோ?" எண்டு கேட்டவர், நான் விளங்கப்படுத்தினாப்பிறகு பேசாமல் போய் அளந்து, எதிர்ப்பக்கம் துளை போட்டு, உருக்குக் கம்பியில புது முளை கடைஞ்சு இறுக்கித் தந்தார். 2,500. நான் செலவழிச்சதில பிரயோசனமாப் போன காசு அதுதான். லேத் வேலை தெரிஞ்ச ஆளிட்ட முதலே போயிருந்தா மற்றதெல்லாம் மிச்சம்.

பாகை அளக்க மவுண்டில ஒட்டியிருக்கிற அளவுகோலை நம்பாதேங்கோ, முக்காலி சரிஞ்சாப்பிறகு அது காட்டுறது பொய்தான். ரியூபை அச்சுக்குச் சமாந்தரமா வச்சு, அதாவது மற்ற அச்சான டெக்கின்ர பாகை வட்டம் 90இல, ரியூபுக்கு மேல போனை வச்சுச் சரிவு காட்டுற ஆப்பில பாருங்கோ. போனைத் தலைமாத்தி வச்சும் ஒருக்கா அளந்து ரண்டுக்கும் நடுவை எடுக்கோணும். டெக் 90 உண்மையா 90 தானோ எண்டதைப் பகலிலயே பாக்கலாம், இது எங்களுக்கு மட்டும் கிடைச்ச வசதி, அச்சு இவ்வளவு கீழ படுத்திருக்கிறதால தூரத்தில நிக்கிற போன் ரவர் உச்சிக்கு அச்சை நேர இறக்கலாம். ரவர் உச்சியை ஐபீஸ் நடுவில எடுத்துப்போட்டு ஆர்.ஏ. அச்சை மட்டும் சுத்துங்கோ, உச்சி ஒரு வட்டம் போடும். டெக்கைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்த வட்டம் சின்னதாகும். ஆகச் சின்னனா வாற இடத்தில டெக் வட்டத்தை 90க்குத் திருப்பி இறுக்குங்கோ. அதே ரவரில பைண்டரையும் (குறிபாக்கிற சின்ன ரெலஸ்கோப்) நேராக்கிப் போடலாம். சூரியன் அந்தப் பக்கம் நிக்கிற நேரம் மட்டும் வேண்டாம், கண் போனாத் திரும்பி வராது.

அடுத்தது வடக்கு. துருவ நட்சத்திரத்தை நான் எங்கட வளவில இருந்து ஒருநாளும் கண்டதில்லை. ஆனையிறவு மாதிரி வெளியான இடத்தில நல்ல இரவில தெரியும், ஆனா மங்கலா. சரியான துருவத்தில இருந்து அது முக்கால் பாகைக்குக் கொஞ்சம் குறைய விலத்தி நிண்டு சுத்துறதும், அந்த உயரத்தில காத்து அதை ஒரு ஆறு கலை தூக்கிக் காட்டுறதும் சேர, பாத்தும் பெரிய பிரயோசனமில்லை. கொம்பாஸ் எண்டா, ஊசி காட்டுறதுக்கு ஏறக்குறைய ரண்டு பாகை வலப்பக்கம்தான் எங்கட உண்மையான வடக்கு, அதோட முக்காலி இரும்புக்குக் கிட்டப் போனா ஊசி தன்ர பாட்டுக்குத் திரும்பும். எனக்குக் கைகுடுத்தது வெயில். சீமெந்து முத்தத்தில கம்பு நட்டுத் தங்கூசியில (நைலோன் நூலில) மேசன்மார் வச்சிருக்கிற தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, சூரியன் உச்சிக்கு வாற நிமிசத்தில தங்கூசியின்ர நிழலை நிலத்தில கீறினா அது அச்சொட்டான தெற்கு வடக்குக் கோடு. ஆனா உச்சி எண்டா 12 மணி இல்லை. எங்கட மணிக்கூடு ஓடுறது 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு, நாங்கள் இருக்கிறது 80.4இல, அதுக்கு எட்டு நிமிசம் பிந்தும், அதுக்கு மேல மாசத்துக்கு மாசம் சூரியனே முந்திப் பிந்தி வரும். மாசி (பெப்ரவரி) நடுவில எங்களுக்கு உச்சி 12.22க்கு, கார்த்திகை (நவம்பர்) வாற காலத்தில 11.52க்கு. ஒரு நிமிசம் தவறினா மாசியில கோடு அரைப் பாகைக்கு மேல விலத்தும், அதால போனில செக்கனையும் பாத்துக்கொண்டு நிக்கோணும். நான் தங்கூசி நிழல் அசையாமல் இருக்கட்டும் எண்டு குண்டை ஒரு வாளித் தண்ணிக்குள்ள தோய விட்டு, கரித்துண்டால ரண்டு புள்ளி குத்தி, பிறகு நூல் பிடிச்சுக் கீறி அதுக்கு மேல பெயின்ற் அடிச்சு வச்சிருக்கிறன். அம்மா கோலம் போடுற இடம் போச்சு எண்டு கொஞ்சநாள் புறுபுறுத்தவ. ஒண்டு கவனம், சித்திரை வருசப் பிறப்பை ஒட்டின நாளுகளில சூரியன் எங்கட தலைக்கு நேர மேல வந்திடும், நிழலே இருக்காது, ஆவணி (ஓகஸ்ட்) கடைசிக் கிழமையிலயும் அப்பிடித்தான். மார்கழி தை மாசி, மழை விட்ட ஒரு நாளாப் பாத்துக் கீறி வச்சிடுங்கோ.

கண்ணாடி நேராக்கிற கதையையும் சொல்லோணும். கொழும்பில இருந்து ஏ9 வழியா பஸ்ஸில வந்த சாமான், உள்ளுக்கு ரண்டு கண்ணாடியும் ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கொண்டு இருந்துது, வியாழனைப் பாத்தா வால் முளைச்சிருக்கு. லேசர் கொலிமேற்றர் (கண்ணாடி நேராக்கிற கருவி) ஒண்டு ஓடர் பண்ணினன், 6,500. அதைப் போட்டுச் சரிப்பண்ணப் பண்ணப் படம் இன்னும் மோசமாச்சு. லேசரே கோணல்! போக்கசருக்குள்ள (ஐபீஸ் பூட்டுற குழாய்) வச்சு மெல்லச் சுத்திப் பாருங்கோ, சிவப்புப் புள்ளி ஒரே இடத்தில நிக்காமல் வட்டம் போட்டா உங்களுக்கும் அதே கதைதான். ரவுணில பழைய ஸ்ரூடியோ ஒண்டில பிலிம் றோல் டப்பா சும்மா தந்தினம், அது ஒண்டேகால் அங்குலப் போக்கசருக்குள்ள அளவா இருக்கும், மூடியில நடுவில ஊசியால துளை, அடியை வெட்டி எறியிறது, அவ்வளவுதான். அதுக்குள்ளால பாத்து முதல் சின்னக் கண்ணாடிக்குள்ள பெரிய கண்ணாடியின்ர முழு வட்டமும் தெரியச் சின்னதின்ர திருகு, பிறகு பெரிசின்ர நடுவில இருக்கிற வளையத்துக்குள்ள துளையின்ர நிழல் வரப் பின்பக்கத் திருகு. கடைசியா வெள்ளியை போக்கஸில இருந்து வெளிய எடுத்து வளையங்கள் நடுச்சமமா இருக்கோ எண்டு பாக்கிறது, இதுக்கும் துருவ நட்சத்திரத்தைப் பாக்கச் சொல்லித்தான் எங்கயும் இருக்கும், அசையாது எண்டு. எங்களுக்கு அது காத்துக்குள்ள கொதிச்சுக்கொண்டு நிக்கும், உயரத்தில நிக்கிற ஒரு வெள்ளியை எடுத்து மோட்டரை ஓடவிட்டுப் பாருங்கோ.

இவ்வளவும் செய்தா அச்சு ஒரு பாகை ரண்டு பாகைக்குள்ள வந்திடும், ஐபீஸால சும்மா பாக்க அதே போதும். போட்டோ எடுக்கோணும் எண்டாத்தான் டிரிப்ற் எலைன்மென்ற், அதாவது வெள்ளி வழியிறதைப் பாத்து அச்சைத் திருத்திறது. இதுக்குத் துருவ நட்சத்திரமே தேவையில்லை, அதோட வானத்தின்ர நடுக்கோடு கிட்டத்தட்ட எங்கட தலைக்கு மேலால போறதால எங்கட ஊரில இது சுகம். மாசியில இரவு எட்டு மணிபோல ஓரியனின்ர இடுப்பில இருக்கிற மூண்டு வெள்ளியும் உச்சிக்கு வந்திடும், அதில மேல் பக்கத்து வெள்ளி, மின்ரக்கா எண்டு பேர், கிட்டத்தட்ட நடுக்கோட்டிலயே நிக்குது. அதைக் குறுக்குக்கம்பி ஐபீஸில எடுங்கோ. அந்த ஐபீஸ் விலை கூட, நான் பழைய வயரின்ர செப்புத் தும்பு ரண்டை 25 மில்லிமீற்றர் ஐபீஸுக்குள்ள இருக்கிற வளையத்தில குறுக்கா ஒட்டினன், இருட்டில கம்பி தெரியாட்டி வெள்ளியைக் கொஞ்சம் போக்கஸ் விலத்தி ஊதவிட்டாத் தெரியும். நியூட்டோனியனில எல்லாம் தலைகீழாத் தெரியிறதால எது வடக்கு எண்டு முதலே பிடிக்கோணும், ரியூபின்ர வாயை மெல்ல வடக்குப் பக்கமாத் தள்ளினா வெள்ளி எந்தப் பக்கம் ஓடுதோ அது தெற்கு.

இனி மோட்டரை ஓடவிட்டு இருங்கோ, வெள்ளி கிழக்கு மேற்கா அசைஞ்சா விடுங்கோ, அது வேற கதை. தெற்கால வழிஞ்சுதெண்டா அச்சு கிழக்கால திரும்பியிருக்கு, மேற்குப் பக்கமாத் திருப்போணும். வடக்கால வழிஞ்சா மற்றப் பக்கம். ஒரு பாகை பிழை இருந்தா நாலு நிமிசத்துக்கு ஒரு கலை வழியும், அதை வச்சு எவ்வளவு திருப்பிறது எண்டு கணக்குப் பாக்கலாம். அது நிண்டாப்பிறகு கிழக்கால 30 பாகை அளவில நிக்கிற ஒரு வெள்ளி, அதே நேரம் எண்டா அல்ஃபார்ட் இருக்கு. அது தெற்கால வழிஞ்சா அச்சு பதிஞ்சிட்டுது, நிமித்தோணும். வடக்கால வழிஞ்சா இறக்கோணும். பிறகு திரும்ப மின்ரக்காவுக்கு வந்து ஒருக்காப் பாருங்கோ, எங்களைப்போல முக்காலியைச் சரிச்சு வச்சிருக்கிற ஆக்களுக்கு ஒண்டைத் திருப்ப மற்றதும் கொஞ்சம் அசையும். மோட்டர்ப் பெட்டியில வடக்கு தெற்கு எண்டு ஒரு சுவிச் இருக்கும், அது வடக்கில இருக்கோ எண்டதையும் பாத்துப்போட்டுத் தொடங்குங்கோ. கணினி வச்ச மவுண்ட் எண்டா இடம் குடுக்கேக்க 9.38 எண்டு போடாமல் 9 பாகை 23 கலை, 80 பாகை 24 கலை எண்டு போடோணும், நேரம் பிளஸ் ஐந்தரை, திகதியில மாசம்தான் முன்னுக்கு வரும்.

இடத்தைப் பற்றியும் கொஞ்சம். மழைக்குப் பிறகு எங்கட மண்ணில கால் பதியும், ராத்திரி செய்த எலைன்மென்ற் விடிய இருக்காது, வடக்குக் கால் ரண்டுக்கும் கீழயும் கல் வையுங்கோ. ஆனி ஆடியில சோழகம் அடிக்கேக்க புழுதி, அப்ப கண்ணாடியைத் திறக்கிறதே வீண். தையில பனி கொட்டும், பைண்டர் முதல் மங்கும். வடக்கு அடிவானம் தெரியிற வெளி தேடிக் கண்டபடி இருட்டில பத்தைக்குள்ள இறங்க வேண்டாம், யானை ஒண்டு, பாம்பு ரண்டு, மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இன்னும் நிக்கிற காணியளும் இருக்கு. மேல சொன்ன முறைக்கு வடக்கு அடிவானம் தேவையே இல்லை, தலைக்கு மேல வெளிச்சா முத்தமே போதும். இருட்டில முக்காலியில நீட்டின குழாயோட ஒருத்தன் நிண்டா எங்கட ஊரில ஆக்கள் என்ன நினைப்பினம் எண்டு சொல்லத் தேவையில்லை. நான் ஜிஎஸ்ஸிட்டயும் (கிராம சேவகர்) அயலிலயும் முதலே சொல்லி வச்சனான், முதல் கிழமையே பக்கத்து வீட்டுச் சின்னனுகள் வரிசையில நிண்டு சந்திரனைப் பாத்திட்டுதுகள். பச்சை லேசர் அடிக்கிற பழக்கம் இருந்தா அதை விட்டிடுங்கோ.

போட்டோ எடுக்கிற எண்ணம் இல்லாமல் சும்மா பாக்கத்தான் எண்டா என்ர கருத்து, இந்த மவுண்டே வேண்டாம். அதே கண்ணாடி டொப்சோனியனில வரும், அகலக்கோடும் இல்லை வடக்கும் இல்லை, நிலத்தில வச்சுக் கையால தள்ளிப் பாக்கிறது. போட்டோதான் வேணுமெண்டு நிக்கிற ஆக்கள், வாங்கப் போகேக்க போனில சரிவு பாக்கிற ஆப்பைப் போட்டுக்கொண்டு போங்கோ, மவுண்டை ஆகக் கீழ இறக்கி அளந்து, வாற பாகையில இருந்து ஒன்பதைக் கழிச்சு, எத்தினை அங்குலக் கல் தேவை எண்டு அங்கயே கணக்குப் பாருங்கோ. கல்லு எட்டு அங்குலத்துக்கு மேல போகுதெண்டா பேசாமல் திரும்பி வாங்கோ.